இந்துப்பும் செங்கீழ்க் கதிரும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான விழாவில் ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி இவற்றில் ஒன்றைத்தான் எதிர்பார்ப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படித்தான் எதிர்பார்த்தார். நான் உப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "அப்ப பிறெசர் தானே?" என்றார். ஓரளவுக்கு அதுவும் உண்டு. ஆனால் உண்மையில் நான் பேச வந்தது ஒரு படத்தைப் பற்றி.

எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. இளஞ்சிவப்பு நிற உப்புக் கற்கள் ஒரு பக்கம். மறுபக்கம் மேலும் கீழுமாகக் கோடு போட்ட ஒரு வரைபு. வரைபில் ஐந்தாறு அம்புக்குறிகள். கீழே, "இமயமலை உப்பில் 84 கனிமங்கள் இருப்பதை செங்கீழ்க் கதிர் ஆய்வு நிரூபித்துவிட்டது. அயடீன் கலந்த கடை உப்பை இன்றே வீசுங்கள்." அடுத்த பத்து நிமிடத்தில் நாலு பேர் என்னைக் கேட்டார்கள், "டொக்டர், இது சரியோ?" என்று. ஒருத்தி ஏற்கனவே வீசிவிட்டாள். அவளுடைய மகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் எழுத முடியாத பதில் இது என்பதால்தான் இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். எங்கள் வீடுகளில் 'கல்லுப்பு' என்று சொல்வது கடலுப்பைத்தான். ஆனையிறவிலும் மாந்தையிலும் புத்தளத்திலும் பாத்தி கட்டி, வெயிலில் காயவிட்டு அள்ளும் பெரிய பளிங்குகள். நிலத்துக்குள் இருந்து வெட்டி எடுப்பது பாறையுப்பு. சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் இந்துப்பு என்பது அதைத்தான். சிந்து நாட்டிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். இன்று 'ஹிமாலயன் பிங்க் சோல்ட்' என்று பொதியில் வருவதும் அதுதான். பெரும்பாலும் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கேவ்ரா என்னும் சுரங்கத்திலிருந்தும் அதைச் சுற்றிய உப்புத்தொடர் என்ற மலைத்தொடரிலிருந்தும் வருகிறது. பனிமூடிய இமயச் சிகரங்களுக்கும் அதற்கும் வெகுதூரம். 540 மில்லியன் ஆண்டுகளுக்கு மேல் பழைய ஒரு கடல் வற்றிக் கிடந்த உப்பு அது. ஆகவே பாறையுப்பும் ஒரு காலத்தில் கடலுப்புத்தான், எங்கள் உப்பளத்து உப்பை விட மிகவும் வயதான அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த வரைபு. செங்கீழ்க் கதிர் என்பது சிவப்பு ஒளிக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிர். இந்தியப் புத்தகங்களில் அகச்சிவப்பு என்று எழுதுவார்கள். அடுப்புக்கு முன் நிற்கும்போது முகத்தில் படும் சூட்டின் பெரும்பகுதி அதுதான். மூலக்கூறுகளில் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்புகள் சுருளி வில் போல எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு பிணைப்புக்கும் தனக்கென்று ஒரு மீடிறன் உண்டு. அந்த மீடிறன் உள்ள செங்கீழ்க் கதிர் வந்து பட்டால் பிணைப்பு அதை விழுங்கிவிடும். எந்தெந்தக் கதிர் விழுங்கப்பட்டது என்று ஒரு கருவி கோடு கீறிக் காட்டும். விழுங்கிய இடமெல்லாம் கோட்டில் ஒரு பள்ளம். அடியில் 4000 இலிருந்து 400 வரை, பெரிய எண் இடப்பக்கம் வரும்படி, அலையெண்கள் எழுதியிருக்கும். எந்த எண்ணில் பள்ளம் விழுகிறதோ, அதை வைத்து உள்ளே என்ன பிணைப்பு இருக்கிறது என்று சொல்லலாம்.

வைத்தியத்துறையில் இது எங்களுக்கு நன்றாகப் பழக்கமான கருவி. சிறுநீரகக் கல்லை எடுத்தபின், அது கல்சியம் ஒட்சலேற்றா, யூரிக் அமிலமா, தொற்றினால் வந்த கல்லா என்று தெரிந்தால்தான் நோயாளிக்கு உணவு ஆலோசனை சொல்லலாம், மருந்து கொடுக்கலாம். வசதியுள்ள ஆய்வுகூடங்களில் கல்லை அரைத்து, செங்கீழ்க் கதிரில் வைத்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அரைத்த தூளை எதனோடு கலந்து வில்லையாக அழுத்துகிறார்கள் தெரியுமா? பொற்றாசியம் புரோமைட்டு என்ற ஓர் உப்போடு. ஏன் உப்பு? அதற்குத் தானாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால். கல்லின் குரல் மட்டும் கேட்கவேண்டும், கலந்த பொருளின் குரல் குறுக்கே வரக்கூடாது.

சமையல் உப்பும் அப்படியான ஊமைதான். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: சோடியம் குளோரைட்டில் தனித்தனி மூலக்கூறு கிடையாது. சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் மாறிமாறி அடுக்கிய ஒரு பெரிய சாலகம் அது. அந்தச் சாலகம் முழுவதுமாகச் சேர்ந்து மெதுவாகத்தான் அதிரும். அதற்குரிய கதிர், சாதாரணக் கருவி பார்க்கும் எல்லைக்கும் அப்பால், ஏறத்தாழ 60 மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் இருக்கிறது. அதனால் 4000 இலிருந்து கிட்டத்தட்ட 650 வரை சுத்தமான உப்பு எதையும் விழுங்காமல் கதிரை அப்படியே உள்ளே போக விட்டுவிடும். கண்ணாடி ஒளிக்கு எப்படியோ, உப்பு செங்கீழ்க் கதிருக்கு அப்படி.

இந்தக் குணத்தால் உப்புக்கு விஞ்ஞான வரலாற்றில் ஒரு பெரிய இடம் உண்டு. அதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1800 இல் வில்லியம் ஹேர்ஷல் சூரிய ஒளியை அரியத்தால் பிரித்து, சிவப்புக்கு வெளியே இருட்டில் வைத்த வெப்பமானி சூடேறுவதைக் கண்டார். ஆனால் சூட்டுக் கதிரின் நீண்ட அலைகளைக் கண்ணாடி மறித்துவிடும். 1830 களில் இத்தாலியரான மெலோனி, பாறையுப்பை வெட்டித் தீட்டினால் அது மறிக்காது என்று காட்டினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு உலகின் நல்ல ஆய்வுகூடங்கள் தெளிவான பாறையுப்புக் கட்டிகளைத் தேடி அலைந்தன.

1856 இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு மற்றவற்றை விட அதிகம் சூடேறுவதையும், ஆறுவதற்கு நெடுநேரம் எடுப்பதையும் கண்டார். வளிமண்டலத்தில் அந்த வாயு கூடினால் பூமி சூடாகும் என்றும் எழுதினார். அவருடைய கட்டுரையை விஞ்ஞான மாநாட்டில் வாசித்தவர் ஓர் ஆண் பேராசிரியர். ஆனால் அவரிடம் இருந்தது கண்ணாடி உருளை. பூமியிலிருந்து திரும்பிப் போகும் சூட்டுக் கதிரை வேறாக்கிப் பார்க்க அது உதவாது. மூன்று வருடம் கழித்து லண்டனில் ஜோன் ரிண்டல் ஒரு குழாயின் இரண்டு முனைகளையும் பாறையுப்புத் தகட்டால் மூடி அந்தக் கதிரையே அளந்தார். பெயர் அவருக்குப் போயிற்று. ஃபூட் அம்மையாரை உலகம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மறந்திருந்தது. இங்கே முன்வரிசையில் இருக்கும் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1905 இல் கோப்லன்ட்ஸ் என்ற அமெரிக்கர் நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களின் செங்கீழ் நிறமாலையை வெளியிட்டதும் பாறையுப்பு அரியத்தின் உதவியோடுதான். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் உப்புத் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் படாமல் மூடி வைத்திருப்பார்கள். மூச்சுக்காற்றுப் பட்டாலே மங்கிவிடும். தண்ணீரால் கழுவினால், சரி, கழுவுவதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

இப்போது வட்ஸ்அப் படத்துக்குத் திரும்புவோம். உப்பு ஊமையென்றால் அந்த வரைபில் இருக்கும் பள்ளங்கள் யாருடையவை? நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடமும் காட்டி உறுதிப்படுத்திக்கொண்டேன். 3400 ஐச் சுற்றி அகலமான ஒரு பள்ளம், 1640 இல் சிறியது ஒன்று: அது தண்ணீர். பளிங்குக்குள் அகப்பட்ட ஈரமும் வெளியில் ஒட்டிய ஈரமும். 1100 இல் ஆழமான ஒன்று, 600 க்கும் 680 க்கும் இடையில் இன்னும் சில: சல்பேற்று, அதாவது பெரும்பாலும் ஜிப்சமும் அதன் உறவினரும். 1430 இலும் 875 இலும்: காபனேற்று. கேத்திலின் அடியில் எங்கள் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் வெள்ளையாகப் படியவிடுகிறதே, அந்தப் படிவைச் சுரண்டி இதே கருவியில் வைத்தாலும் இதே பள்ளங்கள் விழும். 1030 இல்: களிமண்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கடல்நீர் வற்றும்போது முதலில் காபனேற்று படியும், பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகுதான் உப்பு. எங்கள் உப்பளத் தொழிலாளர்கள் இதைப் பாத்தி பாத்தியாகக் கண்ணால் பார்ப்பவர்கள். அதனால்தான் ஜிப்சம் படியும் பாத்தி வேறு, உப்பு விளையும் பாத்தி வேறு. சுரங்கத்து உப்பில் யாரும் பாத்தி பிரித்து வைக்கவில்லை. எல்லாம் கலந்து கிடக்கிறது. இளஞ்சிவப்பு நிறம் கொஞ்சம் இரும்பு ஒட்சைட்டால் வருவது. தமிழில் சொன்னால் துரு.

ஆகவே அந்தப் படம் பொய்ப்படம் அல்ல. நல்ல கருவியில் எடுத்த நல்ல வரைபுதான். அது காட்டுவது உப்புக்குள் இருக்கும் உப்பல்லாத சிறு பங்கை. மொத்தத்தில் 2 அல்லது 3 சதவீதம் வரக்கூடிய அந்தப் பங்கு திரை முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. மீதி 97 சதவீதம் சத்தமே போடாமல் இருக்கிறது. அம்புக்குறி போட்டவருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் போட்டிருக்கிறார். இன்னொன்று: சோடியம், பொற்றாசியம், மகனீசியம் போன்ற தனி அயன்களை இந்த முறையில் எண்ணவே முடியாது. அதற்கு வேறு கருவிகள் இருக்கின்றன. 84 என்ற எண் இந்த வரைபிலிருந்து வந்திருக்க வழியே இல்லை. இணையத்தில் சுற்றும் 84 இன் பட்டியலை ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். ஈயம், இரசம், ஆசனிக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு அவ்வளவுக்கு ஏறும்.

அவுஸ்திரேலியாவில் 2020 இல் வெளியான ஓர் ஆய்வில், அங்கே கடைகளில் வாங்கிய 31 இளஞ்சிவப்பு உப்பு மாதிரிகளை முறையாகப் பகுப்பாய்வு செய்தார்கள். வெள்ளை உப்பை விடச் சில கனிமங்கள் கூடுதலாக இருந்தது உண்மை. ஆனால் அவற்றால் உடம்புக்குக் குறிப்பிடத்தக்க பயன் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல், அதாவது ஆறு தேக்கரண்டி உப்புச் சாப்பிடவேண்டும். ஒரு மாதிரியில் ஈயம் அந்நாட்டு எல்லையைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு எல்லா உணவிலுமாக 5 கிராமுக்குக் குறைவு. 5 கிராமில் 2 சதவீதம் என்றால் 100 மில்லிகிராம், அதுவும் பெரும்பாலும் ஜிப்சமும் களிமண்ணும். 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. கனிமம் வேண்டுமென்றால் குரக்கன் பிட்டு அவியுங்கள், நெத்தலி பொரியுங்கள், வேலியில் நிற்கும் முருங்கையில் ஒரு கொப்பை முறியுங்கள்.

இதுவரை சொன்னது பணம் வீணாவதைப் பற்றி. அது அவரவர் விருப்பம். இரண்டு விடயங்கள்தான் எனக்கு நித்திரையைக் கெடுப்பவை.

முதலாவது, என்னிடம் வரும் பிறெசர்காரரும் சிறுநீரக நோயாளிகளும். "அம்மா, உப்பைக் குறையுங்கோ" என்றால், "நான் இப்ப இந்துப்புத்தான் பாவிக்கிறன் டொக்டர், அதிலை சோடியம் இல்லையாமே" என்கிறார்கள். அது 97 சதவீதம் சோடியம் குளோரைட்டு. நாக்குக்கும் இரத்தக் குழாய்க்கும் இரண்டும் ஒன்றுதான். நல்ல உப்பு என்ற நம்பிக்கையில் ஒரு சிட்டிகை கூடவே போடுகிறார்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று பொற்றாசியம் கலந்து விற்பதைச் சிறுநீரகம் பழுதானவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. இரத்தத்தில் பொற்றாசியம் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும்.

இரண்டாவது, அயடீன். இதுதான் என் தோழியின் மகளைப் பற்றிய கவலை. தைரொயிட் சுரப்பி தன் ஓமோனைச் செய்ய அயடீன் வேண்டும். வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கர்ப்பகாலத்தின் முதற்பாதியில் பெரும்பாலும் தாயின் தைரொயிட் ஓமோன்தான் கைகொடுக்கிறது. அந்த மாதங்களில்தான் மூளையும் உருவாகிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்கிரோகிராம் தேவை, கர்ப்பிணிகளுக்கு 250. ஒரு கிலோ உப்பில் 30 மில்லிகிராம் அயடீன் சேர்த்திருந்தால் 5 கிராமிலேயே 150 மைக்கிரோகிராம் வந்துவிடும். மீதியைப் பால், மீன், முட்டை பார்த்துக்கொள்ளும். போதாதவர்களுக்கு வைத்தியர் மாத்திரை எழுதித் தருவார். அயடீன் சேர்க்காத இந்துப்பில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க அளவு அயடீன் கிடையாது. சேர்க்காத கடலுப்பிலும் கிடையாது. கடலில் இருந்தாலும் பளிங்கோடு சேர்ந்து வருவது மிகச் சொற்பம்.

இமயமலையின் பெயரைப் போட்டு விற்கிறார்களே, அந்த மலையடிவாரம்தான் உலகிலேயே கண்டமாலை மிகுந்திருந்த இடங்களில் ஒன்று. மழையும் பனியாறும் மண்ணிலிருந்த அயடீனை நெடுங்காலமாகக் கழுவிக்கொண்டு போய்விட்டன. 1950 களில் ராமலிங்கசுவாமி என்ற இந்திய வைத்திய விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் சில பகுதிகளுக்கு அயடீன் சேர்த்த உப்பும் ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். அயடீன் கிடைத்த இடங்களில் கழுத்துக் கழலை சில வருடங்களில் வெகுவாகக் குறைந்தது. அயடீன் கலந்த உப்பு இந்தியாவில் ஒரு தேசியத் திட்டமானதற்கு அந்த ஆய்வு பெரிய காரணம். எங்கள் நாட்டிலும் தென்மேற்கு ஈரவலயத்தில் கண்டமாலை பரவலாக இருந்தது. 1995 முதல் மனிதர் உண்ணும் உப்புக்கெல்லாம் அயடீன் சேர்ப்பது கட்டாயமாயிற்று. இங்கிருக்கும் இளம் ஆசிரியைகள் பலர் கழுத்து வீங்கிய ஒருவரைக் கண்டிருக்கவே மாட்டார்கள். அதனால்தான் அயடீனை வீசச் சொல்லும்போது பயம் வருவதில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுவிற்சலாந்து 1922 இலேயே உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கிய முன்னோடி நாடு. கடையில் பொதியைத் திருப்பிப் பார்த்து அயடீன் உள்ளதை எடுங்கள். கனடாவில் மேசையுப்புக்கு அது சட்டம். அவுஸ்திரேலியாவில் 2009 முதல் பாணில் அயடீன் உப்புச் சேர்க்கிறார்கள், ஆனால் 'ஓர்கானிக்' பாணுக்கு அந்த விதி இல்லை. பிரித்தானியாவில் கடை உப்பில் பெரும்பாலும் அயடீன் கிடையாது; பாலும் மீனும்தான் அங்கே அயடீன் கொடுப்பவை. பிள்ளைகள் பசுப்பாலை விட்டு பாதாம் பாலுக்கு மாறி, மீனையும் விட்டிருந்தால் அதைக் கவனியுங்கள். தைரொயிட் நோய்க்கு ஏற்கனவே மருந்து எடுப்பவர்கள் மட்டும் தங்கள் வைத்தியர் சொல்வதையே கேளுங்கள், என் பேச்சை அல்ல.

உள்ளூர் அம்மாமாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். கல்லுப்பில் ஊத்தை இருக்கும் என்று கழுவிப் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சேர்த்த அயடீன் பளிங்கின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது. முதல் தண்ணீரோடு அது போய்விடும். மூடி உள்ள போத்தலில், அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி வையுங்கள். கறி இறக்கப்போகும்போது போடுங்கள்.

உப்பு விளக்கைப் பற்றியும் கேட்டார்கள். அதிலிருந்து உடம்புக்கு நல்ல செங்கீழ்க் கதிர் வருகிறதாம். 1858 இல் போல்பர் ஸ்ருவாட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பாறையுப்புத் தகடுகளைச் சூடாக்கி அளந்து பார்த்தார். கதிரை விழுங்காத பொருள் கதிரை வெளியிடவும் மாட்டாது என்று கண்டார். சூடு வீசுவதில் தெளிந்த உப்பைப் போலச் சோம்பேறி கிடையாது. சுடுதண்ணீர் நிரப்பிய மண்சட்டி அதைவிட நன்றாக வீசும். விளக்கு அழகாக இருக்கிறது என்று வைத்திருப்பவர்கள் தாராளமாக வைத்திருங்கள், நானும் ஆட்சேபிக்கவில்லை.

இந்துப்பை மருந்தில் சேர்க்கும் சித்த வைத்தியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. சூரணத்தில் ஒரு சிட்டிகை வேறு, குடும்பம் முழுவதும் வருடம் முழுவதும் சோற்றுப் பானையில் போடுவது வேறு.

ஒரு கிலோவில் 30 மில்லிகிராம் அயடீன் என்பது செங்கீழ்க் கதிர்க் கருவிக்குக் கூடத் தெரியாத அளவு. அந்த வரைபில் அயடீனுக்குப் பள்ளம் தேடுவதிலும் பயனில்லை. ஆனால் சாதாரண தரத்தில் நாம் எல்லோரும் செய்த மாச்சத்துச் சோதனையின் அடிப்படையிலேயே அதைக் கண்டுபிடித்துவிடலாம். அயடீனும் மாப்பொருளும் சேர்ந்தால் நீலக் கறுப்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கடைகளில் பாவிக்கும் துளிச் சோதனையும் அதே இரசாயனம்தான்.

அழைப்பிதழின் அடியில், வீட்டு உப்பில் ஒரு தேக்கரண்டி சுற்றிக் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருந்தது ஏன் என்று பலர் கேட்டீர்கள். கீழ்மாடியில் எங்கள் பழைய இரசாயன ஆய்வுகூடத்தில் உயர்தர மாணவிகள் ஆறு பேர் சோதனைத் துளிகளோடு காத்திருக்கிறார்கள். நீலம் வந்தவர்கள் தேநீருக்குப் போகலாம். வராதவர்கள் என்னோடு ஐந்து நிமிடம் கதைத்துவிட்டுப் போங்கள். என் தோழியின் மகளும் வந்திருக்கிறாள், அவளை முதலில் விடுங்கள்.